புதுச் சட்டி

மேரிக்குட்டியின் மகன் ஆல்வினோடு ஆபீஸில் வேலை பார்ப்பவள் தன்யா. சம்பந்தம் பேச வரும் அவள் வீட்டார் சுத்த சைவம். மட்டாஞ்சேரியில் மேரிக்குட்டி வைக்கும் பன்றிக்கறி போட்ட பயறுக்கோ தெருவே மணக்கும். அன்று அவள் புதுச் சட்டி வாங்கி, வெறும் பயறும் தேங்காய்க்கொத்தும் போட்டு இறக்கினாள்.

பந்தியில் தன்யாவின் அப்பா சிவசங்கரன் கரண்டியை வாங்கி, சட்டியை அடிவரை துழாவினார். வெள்ளையாக ஒரு துண்டு வந்தது. உற்றுப் பார்த்தார்.

"ஐயோ சேட்டா, அது தேங்காய்! சத்தியமா வேற ஒண்ணும் சேர்க்கல. சட்டிகூட புதுசாக்கும்!" என்று மேரிக்குட்டி பதறினாள்.

"புதுசா?" அவர் முகம் தொங்கிப்போனது.

கல்யாணம் நின்றுவிடும் என்று ஆல்வினுக்கு வியர்த்தது.

மனைவி கை கழுவப் போனதும் சிவசங்கரன் மேரிக்குட்டி பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"ஆபீஸ்ல ஆல்வின் கொடுக்கற பயறுல பாதியை தன்யா எனக்குக் கொண்டு வருவா. ஆத்துக்காரிக்குத் தெரியாது. இந்த மாப்பிள்ளைதான் வேணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னது வேற எதுக்குன்னு நெனைச்சேள்? அந்தப் பழைய சட்டியைத் தூக்கிப் போட்டுடலியே?"