கிரேக்க வகுப்புக்கு ஆள் சேர்த்தவள்

முதன்முறையாகக் கதையெழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சிறு கல்லூரி. லத்தீன், கிரேக்கச் செவ்வியல் பட்டத்துக்குத் தான் வகுத்த நான்காண்டுத் திட்டத்தை முதலாண்டு மாணவி வில்லா பேராசிரியர் ஹாக்ஸ்ட்ராவிடம் பணிவுடன் நீட்டினாள்.

“அழகா போட்டிருக்கேம்மா. ஆனா கிரேக்கம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். இந்தத் தடவை அஞ்சு பேர் சேரலைன்னா ரத்து.”

“ரத்தானா சார்?”

“உன் பட்டம் அஞ்சு வருஷமாயிடும்.”

வில்லாவின் உதவித்தொகையோ நான்காண்டுக்கே உரியது. அன்று மாலையே டோனட் பெட்டியுடன் விடுதிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

“கிரேக்கம் படிச்சா என்னடி கிடைக்கும்?” என்றாள் இறுதியாண்டு மார்லிஸ்.

“இப்போதைக்கு டோனட் கிடைக்கும்க்கா.”

“இன்னொண்ணு குடு. என் ரூம்காரியையும் இழுத்துட்டு வரேன்.”

புதன்கிழமை பேராசிரியர் தொலைபேசியில் குதூகலித்தார்.

“பன்னெண்டு இடமும் நிரம்பிடுச்சு வில்லா! இருபது வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல! உன்னையும் சேர்த்துப் பன்னெண்டு பேர்!”

“நான் இன்னும் பதிவே பண்ணலையே சார். சீனியருங்க பதிஞ்சு முடிச்சப்புறம், முதல் வருஷத்துக்கு நாளைக்குத்தானே?”

பேராசிரியர் பட்டியலை மீண்டும் எண்ணினார்; பன்னிரண்டும் பிறர் பெயர்களே.

வில்லா இழந்தவை: வகுப்பில் ஓர் இருக்கை, வாழ்வில் ஓர் ஆண்டு, அவ்வாண்டுக்குரிய கட்டணப் பணம்.