மூன்று பேர் போன சைக்கிள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருடத்துக் கோயமுத்தூரின் விலை அறுநூற்று ஐம்பது ரூபாய். சட்டம் போட்டால் தொள்ளாயிரம்.

பீளமேட்டுக் கல்லூரி அரங்கு ஒன்றில் பழைய கோவைப் படங்களை வரிசையாக மாட்டி, கேட்பவர்களுக்கு அங்கேயே பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ரிஃபத்.

உக்கடம் குளத்துக்கு அரை நிமிடம், மில் கேட்டுக்கு அரை நிமிடம், இடித்துவிட்ட சினிமாக் கொட்டகைக்கு ஒரு பெருமூச்சு என்று வேகமாக வந்த நஞ்சுண்டன், ஒப்பணக்கார வீதியில் நின்றவர் நின்றவர்தான்.

"ஏனுங்க, போலாமுங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

"இரு அம்மணி."

அவளும் பார்த்தாள்.

தீபாவளிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சைக்கிள். மிதிப்பது நஞ்சுண்டனேதான், தலை நிறைய முடியோடு. முன்கம்பியில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி. பின்னால் கேரியரில், சிரித்த வாயை மூடாமல், அவருடைய முதல் சம்சாரம்.

மயிலாத்தாளுக்கு வயிறு எரிந்தது.

முப்பத்தாறு வருடக் குடித்தனம். வடவள்ளியில் மாடி வீடு, கார், கழுத்து கனக்க நகை, எல்லாம் வந்தது. இப்படிச் சிரிக்கும்படி அவளை ஒருநாளும் ஏற்றிக்கொண்டு போனதில்லை அந்த மனுசன்.

போதாக்குறைக்கு, படத்தில் இருப்பவளுக்கு இன்னும் இருபத்தொன்றுதான். முட்டி வலி கிடையாது, சர்க்கரை கிடையாது. ஐம்பத்தைந்தை வைத்துக்கொண்டு இவள் எங்கே போட்டி போடுவது?

"இதுல ஒண்ணு வாங்கிக்கலாமா?" என்றார், கண்ணை எடுக்காமல்.

"நீங்க போய்க் காரை எடுங்க. வெலை பேசத் தெரியாம, சொன்னதைக் குடுத்துப்போட்டு வந்துருவீங்க."

அவர் தலை மறைந்ததும் ரிஃபத்தின் கணினித் திரையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"முழுசும் வேண்டாம் கண்ணு. அவரு முதுகுக்குப் பின்னாடி இருக்கறதை வெட்டிப்போடு. சின்னப் படந்தானே, நானூறு போட்டுக்க."

ரிஃபத் தயங்கினாள். "எவ்வளவு அழகாச் சிரிக்கறாங்க. யாருங்க அது?"

"எங்கக்கா."

"அப்ப முன்னாடி உக்காந்திருக்கற பாப்பா?"

"நான்தான்."

அக்கா கண்ணை மூடிய மறுவருசம், அவள் விட்டுப்போன வீட்டுக்கே தங்கையைக் கட்டிக்கொடுத்தார்கள். அதையெல்லாமா விலை பேசுகிற இடத்தில் சொல்லிக்கொண்டிருப்பது?

படம் சூடாக வெளியே வந்தது. கேரியர் இல்லை. சிரிப்பு இல்லை. நஞ்சுண்டனின் தோளில் மட்டும், அழுத்திப் பிடித்தபடி நான்கு விரல்கள்.

"அச்சச்சோ. அதையும் அழிச்சுத் தரட்டுங்களா? சும்மாவே செஞ்சு தாரேன்."

மயிலாத்தாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். சிறுமியின் சடை நுனியில் ரிப்பன் பூவாக விரிந்திருந்தது. சைக்கிள் ஏறும் முன், அழ அழத் தலை சீவி, அதைக் கட்டிவிட்டதும் அதே விரல்கள்தான்.

சும்மா கிடைப்பதை மயிலாத்தாள் வேண்டாமென்று சொன்னது, பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

வெளியே கார் ஹாரன் கேட்டது. நானூறை எண்ணி வைத்துவிட்டு, படத்தைச் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

மூன்று பேரில் ஒருத்தியைக் கழித்தாயிற்று. மிச்சம், இரண்டு பேரும் நான்கு விரல்களும்.