குப்லுவின் விசா

"குப்லு லாஹிரியா? யாரு அது குப்லு லாஹிரி?"

சுதேஷ்ணா போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு மித்ரா மாஷிமா அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கே ஏறி வந்துவிட்டாள். நல்ல சண்டையைப் படிக்கட்டில் நின்று கேட்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சல்.

கூடத்தின் நடுவில் பெட்டி திறந்து கிடந்தது. துர்கா பூஜை லீவுக்கு வியட்நாம். சுதேஷ்ணா, அவள் புருஷன் அஞ்சன், இரண்டரை வயது மகன் மூவரும் போகிறார்கள். இன்னும் டிக்கெட்டே எடுக்கவில்லை, அதற்குள் பெட்டி! பொரி, பால் பவுடர், குழைந்த சாதம் வடிக்கக் குட்டி குக்கர், வேர்த்துக் கொட்டும் ஊருக்குக் குரங்குக் குல்லாய். நாளைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்கப்போகாத பிள்ளைக்கு வெளிநாடு! இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அந்தக் கட்டடத்துக்கே காது புளித்துப் போயிருந்தது.

விசா வேலையை அஞ்சனின் அண்ணன் தபன் பார்த்துக்கொண்டார். தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயரானவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், இவர்களோடேயே இருக்கிறவர். சுதேஷ்ணாவுக்கு அவர் தபன்தா, அதாவது தபன் அண்ணா. காலையில் விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் பிள்ளையின் பெயர் அபிரூப் லாஹிரி. விசாவிலோ குப்லு லாஹிரி.

கல்கத்தாவில் வீட்டுக்கு வீடு பிள்ளைக்குச் செல்லப் பெயர் உண்டுதான். அதைக் கொண்டுபோய் வெளிநாட்டு சர்க்காருக்கு எழுதி அனுப்பிய பிரகஸ்பதி இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தானே எழுதினீங்க, தபன்தா?"

"வச்சிருந்தேன், பௌமா" என்றார் தபன், தம்பி பெண்டாட்டியிடம். "பொறந்ததுலேர்ந்து குப்லு குப்லுன்னே கூப்பிட்டமா... கை தானா எழுதிடுச்சு."

"கை எழுதிச்சு சரி, தலை எங்க போயிருந்துச்சு? இத்தனை வருஷம் ஊர் மணியார்டரை எல்லாம் உங்களை நம்பியா குடுத்தாங்க? பாவம் அந்த ஜனங்க!"

மித்ரா மாஷிமா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் குப்லு!" என்றது பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளை, பெருமையாக.

"நீ வேற! சும்மா இரு."

அஞ்சன் மெல்ல வாயைத் திறந்தான். "விடு சுதேஷ்ணா. தாதா என்ன வேணும்னா பண்ணினார்?"

"அண்ணனுக்கு வக்காலத்தா? மத்தியானம் பேங்க்குக்குப் போய் டிக்கெட்டுக்கு லோன் கையெழுத்துப் போடறதா இருந்தீங்கல்ல? போய் வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க."

"மறுபடி விசாவுக்குப் போட்டா..."

"அது வர்றதுக்குள்ள பூஜையே முடிஞ்சிடும். அப்புறம் உங்க ஆபீஸ்ல லீவு குடுப்பாங்களாக்கும்?"

அஞ்சன் குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

தபன் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவரை அப்போதாவது விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஒரு பேரைப் பார்த்து எழுதத் துப்பில்ல. இனிமே இந்த வீட்டுல பால் கணக்கைக்கூட நீங்க தொட வேண்டாம்!"

மித்ரா மாஷிமாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கீழே இறங்கியவள் வாசல் வாசலாக நின்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"புருஷனோட அண்ணன் எதிர்ல குரலை ஒசத்தவே நாங்கல்லாம் கூசுவோம். இவ என்னடான்னா, வேலைக்காரனைப் பேசற மாதிரி பேசறா! கடன் வாங்கியாவது இவளுக்குக் கப்பல்ல போகணும், விமானத்துல போகணும். அந்த அஞ்சன் ஒரு வாயில்லாப் பூச்சி. இவள்லாம் ஒரு பொம்பளையா?"

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க ஒரே பேச்சு. திமிர் பிடித்தவள், பேராசைக்காரி, பெரியவரை மதிக்கத் தெரியாதவள். ஒருவர்கூட மறுத்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அஞ்சன் வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு ஆபீஸுக்குக் கிளம்பினான். அவன் தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, சுதேஷ்ணா டீயோடு தபனிடம் வந்தாள். கோப்பையை வைத்தவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

"ரொம்பப் பேசிட்டேன், தபன்தா."

"பேச்சு வாங்கிக்கறேன்னு ஒத்துக்கிட்டவன்தானேம்மா நான். பேரை மாத்தி எழுதற யோசனை உன்னோடது, திட்டு என்னோடதுன்னுதானே பேச்சு? ஆனா மணியார்டரை எல்லாம் இழுப்பேன்னு நான் நினைக்கல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேலை போனதை இன்னும் உன்கிட்ட சொல்லலையா அவன்?"

"இல்ல. தினம் டிபனை எடுத்துக்கிட்டுப் போய் ஏரிக்கரை பெஞ்சுல உட்கார்ந்துட்டு வர்றார். எனக்குக் குடுத்த வாக்குக்காகக் கடன்ல விழவும் துணிஞ்சுட்டார். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூனிக் குறுகிப் போயிடுவார். அவரா சொல்லட்டும், தபன்தா."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் அவர் வந்ததும் இன்னொரு தடவை உங்களைத் திட்டணும், பொறுத்துக்குங்க. நேத்து நான் உங்களைத் திட்டித் தீர்த்த அப்புறம்தான், ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டார்."