வாசலில் தொங்கிய துடைப்பம்

தடால் என்று இரும்புக் கதவு சுவரில் மோதியது. இருபது பேர் ஒரே மூச்சில் அந்த முற்றத்துக்குள் நுழைந்தோம்.

ரயிலடியிலிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியாக இரண்டு மணி நேர ஏற்றம். பூட்ஸில் சேறு, தொப்பியில் செர்ரிப் பூ. வழியில் சேர்ந்த கூட்டம்தான், ஆனால் பாதி மலையிலேயே எல்லாரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம்.

முற்றத்தின் நடுவில் நின்றிருந்த பெண்மணி திகைத்துப்போனாள்.

"யாருங்க நீங்கள்லாம்?"

"துடைப்பம் தொங்குதே!" என்றார் எங்களுக்கு முன்னால் நடந்த பெரியவர், கோட்டையைப் பிடித்தவர் போல.

நெக்கார் ஆற்றங்கரை மலைகளில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தோட்டக்காரர் வீட்டு வாசலில் துடைப்பம் தொங்கினால், இன்று அங்கே ஒயின் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம். யாரும் உள்ளே போய் உட்காரலாம்.

ஆனால் இந்தப் பெண்மணி ரோஸ்விதாவின் வீட்டில் மே மாதம்தான் ஒயின் ஊற்றத் தொடங்குவார்கள். அவள் கணவர் ஏவால்ட் காலையில் முற்றத்தைக் கழுவிப் பெருக்கினார். துடைப்பம் காயட்டும் என்று வாசல் கதவில் மாட்டிவிட்டார்.

"ஏய்யா, முப்பது வருஷமா இதே தொழில் பண்ற. அதைக் காயவைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று அவர் மேல் பாய்ந்தாள் ரோஸ்விதா.

ஏவால்ட் ஒயின் எடுக்க நிலவறைக்குள் நழுவினார்.

அதற்குள் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. துடைப்பத்தைப் பார்த்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

நான் ரோஸ்விதாவிடம் போய் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வருவதற்குள் என் கையில் ஒரு கத்தியும், இரண்டு கிலோ ரொட்டியும் வந்து சேர்ந்தன.

"நல்லவேளை, கூப்பிடாமலே உதவிக்கு வந்தீங்க. மெல்லிசா வெட்டுங்க."

சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். என் கணவர் ஹென்னிங் இரு கைகளிலும் ஜாடிகளோடு மேசை மேசையாக ஓடிக்கொண்டிருந்தார். வங்கி நாற்காலியிலேயே வயசைக் கழித்த மனிதர். வாயெல்லாம் சிரிப்பு.

அடுப்பிலிருந்து ஒரு பெரிய மாட்டிறைச்சி ரோஸ்ட்டை இறக்கினாள் ரோஸ்விதா. பக்கத்தில் வெண்ணெய் மினுக்கும் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகள். மேசையில் மூன்றடுக்குக் கேக். ஒரு நிமிடம் எல்லாவற்றையும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு ரோஸ்ட்டை வெட்டித் தட்டுகளில் அடுக்க ஆரம்பித்தாள்.

"யாருக்கோ சமைச்சு வச்சிருந்தீங்க போல?" என்றேன்.

"என் பொண்ணு லியோனியைக் கட்டிக்கப் போற பையனோட அப்பா அம்மாவுக்கு. வடக்கேருந்து வர்றாங்க. இன்னும் நேர்ல பாத்ததே இல்ல. கூட்டிட்டு வர பொண்ணும் மாப்பிள்ளையும் ரயிலடிக்குப் போயிருக்காங்க." என் கையைப் பார்த்தாள். "மெல்லிசா வெட்டினாத்தாங்க ரொட்டி. நீங்க விறகு பிளக்கறீங்க."

உருளைக்கிழங்கு சாலட்டை வழித்துப் போட்டபடி தொடர்ந்தாள்.

"வடக்கே இதுல மயோனைஸ் போட்டுக் கெடுப்பாங்களாமே, தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"அந்தம்மா போன்ல பேசினா எனக்குக் காது உறைஞ்சு போகுது. சரி, ஆகட்டும், வணக்கம். அவ்வளவுதான் பேச்சு. கல்யாணத்துக்கு ஹாம்பர்க்ல ஹோட்டல் பாத்தாச்சாம். கண்ணாடி மாளிகை, நூத்தம்பது நாற்காலி. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

"உங்களுக்கு எங்கே ஆசை?"

கரண்டியால் ஜன்னலைக் காட்டினாள்.

செர்ரி மரம் மேசைகள் மேல் பூ உதிர்த்துக்கொண்டிருந்தது. முதலில் எல்லாரும் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்கள். இப்போது யாரும் கவலைப்படவில்லை. பூவோடு சேர்த்தே குடித்தார்கள்.

"இங்கதான். என் கல்யாணமும் இந்த மரத்தடியிலதான். கேட்டுடணும்னு ஒரு வாரமா ஒத்திகை பாக்கறேன். அந்தக் குரலை நினைச்சாலே நாக்கு ஒட்டிக்குது. அவ்ளோ பெரிய மனுஷங்க இந்தப் பெஞ்சுலயா உக்காருவாங்க?"

நான் ரொட்டியை வெட்டினேன். இந்த முறை மெல்லிசாகத்தான் வந்தது.

அடுத்த அரை மணியில் ரோஸ்ட் தீர்ந்தது. அஸ்பாரகஸ் தீர்ந்தது. கேக்கில் ஒரு துண்டுதான் மிச்சம். அதையும் துடைப்பத்தைக் கண்டுபிடித்த பெரியவர் ஜன்னல் வழியே கைநீட்டி வாங்கிப்போனார்.

டெலிபோன் அடித்தது. லியோனி.

ரோஸ்விதா கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்தது. போனை வைத்துவிட்டு, உருளைக்கிழங்குக் கூடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணரை ரயில் வந்து போயிடுச்சாம். அவங்க இறங்கவே இல்லையாம்." குரல் உடைந்தது. "கடைசி நேரத்துல வேணாம்னு நினைச்சுட்டாங்களா? நான் போன்ல ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

வெளியே ஏவால்டின் தோளில் கைபோட்டுக்கொண்டு ஹென்னிங் பாடத் தொடங்கியிருந்தார். இருவருக்கும் ராகம் ஒத்துப்போகவில்லை. இருவரும் நிறுத்துவதாகவும் இல்லை.

நான் கையைத் துடைத்துக்கொண்டு ரோஸ்விதாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நாங்க ஒரு மணி ரயில்லயே வந்துட்டோம், சம்பந்தியம்மா. அந்த ஹோட்டலை நானே வேணாம்னு சொல்லிடறேன்."