சாக்குக்கு அடியில்

"அந்தச் சாக்குக்குக் கீழ என்னமோ இருக்கே, ராவுத்தரய்யா?"

"அது வித்தாச்சு, தம்பி."

கேட்டவன் வாய் மூடவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது. கர்ணனுக்கு அப்போதே உறுத்தியது.

உலகச் சண்டை முடிந்த மறு வருசம் அது. பட்டாளத்தில் மிஞ்சிய சாமான்களை ஏலத்தில் மொத்தமாக எடுத்து, கம்பம் பஜாரில் கடை போட்டிருந்தார் அப்துல் சமது ராவுத்தர். கரண்டில் ஓடுகிற மரவேலை மிஷின் அவரிடம் இருக்கிறது என்று ஆறு மாசமாகச் சின்னமனூர் வரைக்கும் பேச்சு.

கர்ணன் சின்னமனூர்க்காரன். பஞ்சு மில்லில் ஆள் குறைத்தபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பட்டறை போட்டு, கதவு, ஜன்னல், பெஞ்சு என்று செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்திருந்தான். வீட்டுக்குக் கரண்டு இருக்கிறது. உளி பிடித்துத்தான் பழக்கமில்லை. மிஷின் வந்துவிட்டால் பழக்கம் எதற்கு என்று நினைத்தான்.

கூடவே பெண்டாட்டி ராஜாத்தி. அவள் காது இரண்டும் மூளியாகத் தொங்கின. தண்டட்டி விற்ற பணம் மடியில் இருந்தது. வீட்டில் விற்பதற்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கர்ணன் குனிந்து சாக்கைத் தூக்கியே விட்டான். உள்ளே வட்ட ரம்ப மிஷின். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பல் சக்கரம், பளபளவென்று.

"இதத் தேடித்தானய்யா வந்தேன்! யாரு வாங்குனது?"

"ஒரு ஆளு."

"எந்த ஊரு?"

"அங்கன... போடிப் பக்கம். சாக்க மூடு தம்பி."

ராவுத்தர் எழுந்து வரவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பேசினார். வலது கை கல்லாவுக்குள் கிடந்தது. இவர்கள் வந்ததிலிருந்து அது வெளியே வரவேயில்லை.

ராஜாத்தி புருசன் காதில் முணுமுணுத்தாள்.

"பாத்தீகளா? நம்ம அள்ளிட்டு ஓடிருவோம்னு கையக் காவலுக்கு வச்சிருக்காரு."

ராவுத்தர் காதில் விழுந்ததோ என்னவோ, முகம் மாறவில்லை.

"புதுசாத் தொடங்குறவகளுக்கு எது வேணும்னு நான் சொல்லட்டா? மொதல்ல, பலகையக் கவ்விப் பிடிக்க அந்த இரும்பு வைஸு. அடுத்தது, பக்கத்துல இருக்கு பாரு, துளை போடுற மிஷின். அறுக்குறதுக்குக் கைரம்பம் போதும். ஒரு வருசம் கையால அறுத்துப் பழகு."

"கையால அறுக்கவா என் தண்டட்டிய வித்தோம்?" என்றாள் ராஜாத்தி.

"நீ சும்மா இரு" என்று அவளை அடக்கிவிட்டு, கர்ணன் கெஞ்சினான். "என்ன வெல சொன்னாலும் சரிய்யா. ரம்ப மிஷினக் குடுங்க."

"வித்த சாமானுக்கு ஏதுப்பா வெல?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ராயப்பன்பட்டி ஞானதுரை இறங்கினார். தோட்டம் துரவு என்று வசதியான ஆள்.

"என்ன ராவுத்தரே, ரம்ப மிஷின் வந்திருக்காமே? மகன் வீட்டுலயே தச்சுவேலை பழகணும்னு நிக்கிறான். வெலையப் பத்தி யோசிக்காதீக."

"அது ரிப்பேருய்யா" என்றார் ராவுத்தர். "ஓடாது."

"அட! சரி பண்ணுனா சொல்லி விடுங்க."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

கர்ணனுக்கு முகம் சிவந்தது. "எங்ககிட்ட வித்தாச்சு. அவருகிட்ட ரிப்பேரு. அடுத்து வர்ற ஆளுக்கு என்ன சொல்லுவீக?"

"இது தெரியலையா? இவரவிடக் கூடக் குடுக்குற ஆளு வருவாகன்னு வச்சிருக்காரு" என்றாள் ராஜாத்தி. "அரிசியப் பதுக்குன காலம் போயி, ரம்பத்தப் பதுக்குற காலம் வந்துருச்சு!"



வெறுங்கையோடு ஊர் திரும்பினால் நாளைக்கு அடுப்பெரிய வழி வேண்டுமே! வேண்டாவெறுப்பாக வைஸு, துளை மிஷின், ஒரு கைரம்பம் மூன்றையும் எடுத்து வைத்தான் கர்ணன். ராஜாத்தி மடியை அவிழ்த்துப் பணத்தை வைத்தாள்.

ராவுத்தர் மீதியை எடுத்து நீட்டினார். இடது கையால்.

ராஜாத்தி நெருப்பைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏன்யா, தொழில் தொடங்கப் போறவகளுக்குப் பீச்சாங்கையாலயா குடுக்குறது? இது விளங்குமா? எங்க வீட்டுல கடைசியா இருந்த நகைய வித்த காசுய்யா இது. சோத்துக்கையால குடுங்க. இல்லாட்டி இந்தச் சாமான் ஒண்ணும் எங்களுக்கு வேணாம்!"

ராவுத்தர் வாசலைப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

மெல்ல வலது கையைக் கல்லாவிலிருந்து எடுத்து, பலகைமேல் வைத்தார்.

கட்டைவிரல் இருந்தது. மற்ற நாலும் இல்லை.

ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத வெளிய காட்டுனா, மிஷின் விக்கிற கடைக்கு எவன் தாயி வருவான்? அதான் உள்ளயே வச்சிருக்கேன்" என்றார். பிறகு கர்ணன் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்டச் சொன்னதும் பொய்யி, அவருகிட்டச் சொன்னதும் பொய்யி. அந்த ரம்பம் ரிப்பேரெல்லாம் இல்ல தம்பி. நல்லாவே அறுக்குது."