தொடாமல் அளக்கிற வெளிச்சம்

கோதண்டபாணி தாடையைத் தாங்கியில் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கண் மருத்துவமனையின் இருட்டறையில், விழித்திரையின் கனத்தை அளக்கும் கருவிக்குள் மினுங்கும் பச்சைப் புள்ளியும் அதன் குறுக்கே வருடிப்போகும் சிவப்புக் கோடும்தான் அவருக்குத் தெரிகிற வெளிச்சம். “ஹலு நகா அங்கிள்... ஆடாதீங்க” என்று மராத்தியும் தமிழுமாகச் சொல்கிறாள் படமெடுக்கும் ரோஹிணி, கோர்படியில் வளர்ந்த தமிழ்ப் பெண். தாபோடி தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷமாக பாகங்களின் கனம் அளக்கும் மைக்ரோமீட்டரும் கையுமாக இருக்கிற தரப் பரிசோதனை இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி. எதையும் மூன்று முறை அளக்காமல் பாஸ் என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. சர்க்கரையால் விழித்திரை வீங்கி, மைக்ரோமீட்டரின் கோடுகள் நெளியத் தொடங்கியபோது வேலையே போயிற்று என்று ஒடுங்கிப்போனவர். “எத்தனை மைக்ரான்மா?” “போன தடவ நானூத்திப் பத்து. இப்ப இருநூத்தி அறுபது. சிகிச்சையில வீக்கம் கம்மி ஆயிடுச்சு அங்கிள்.” “இன்னும் ரெண்டு தடவ அளந்துடும்மா.” “அது ஒரு செகண்டுக்கே பல ஆயிரம் தடவ அளக்குது!” அவர் நிமிர்ந்து திரையைப் பார்க்கிறார். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, அடுக்கடுக்காக அவருடைய விழித்திரை. நடுவில் ஒரு சின்னக் குழிவு. இதை அளக்கக் கத்தி படவில்லை, ஊசி படவில்லை. வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வந்து, கால் மில்லிமீட்டர் கனத்தைப் பிசகாமல் சொல்லிவிட்டது. தம் தொழிற்சாலை மைக்ரோமீட்டர் எதையும் இறுக்கிப் பிடித்தல்லவா அளக்கும்! அச்சான படத்தை வாங்கியவர், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, வலது கீழ் மூலையில் டிக் அடித்துக் கையெழுத்திடுகிறார். “ஐயோ அங்கிள், அது டாக்டர் சைன் பண்ற இடம்!” கோதண்டபாணி அதற்குள் தேதியும் போட்டுவிடுகிறார்.