பனையில் சாய்ந்தவர்

தெருத்தெருவாக அள்ளிய குப்பையைப் பெரிய லாரிக்கு மாற்ற ஒரு நிலையம் கட்ட வேண்டும். அதற்கு இடம் பார்க்க வந்த பொறியாளர் ஜெயப்பிரியா, படூருக்கு அப்பால் வெயிலில் நிற்கிறாள். போன ஊர்களிலெல்லாம் ஜீப்பை மறித்துத் திட்டினார்கள். இங்கே நிலத்துக்காரர் தனகோடி முன்பே சீவி வைத்த இளநீரைக் கொடுக்கிறார். அது அவள் கையில் குடிக்காமலே சூடேறுகிறது. காய்ந்த தரையில், தண்ணீர் தேங்கும் இடத்தில் வளரும் கோரை முளைத்திருக்கிறது. வந்ததிலிருந்து அவர் அங்கிருக்கும் ஒற்றைப் பனையில் முதுகைச் சாய்த்தபடியே நிற்கிறார். கழுத்தில் வியர்வை வழிந்தும் அசையவில்லை. “மழைக்குத் தண்ணி நிக்குமா?” என்று கேட்கிறாள். “ஒரு சொட்டு நிக்காது மேடம். இதவிட நல்ல எடம் எங்க கீது?” “ஏன் வெயில்லயே நிக்கிறீங்க? ஜீப் நிழலுக்கு வாங்க.” “பரவால்ல மேடம், நமக்குப் பழக்கம்தான்.” அவர் சிரிப்பு மட்டும் கொஞ்சம் சுருங்குகிறது. அவள் இளநீரைக் கீழே வைத்துவிட்டு நேரே பனையை நோக்கி நடக்கிறாள். கிட்டே வந்ததும் அவர் விலகத்தான் வேண்டியிருக்கிறது. அவர் முதுகு மறைத்திருந்த இடத்தில், மார்பளவு உயரத்தில், வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு மரத்தைச் சுற்றி ஓடுகிறது. “அது எப்பவோ வந்தது மேடம்.” “வேற எடம் பாத்துக்கிறோம்,” என்கிறாள். தனகோடி திரும்பி நடக்கிறார். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில், வியர்வையோடு ஒட்டிக்கொண்டு, அந்தச் சேறு குறுக்கே ஒரு கோடாகப் போகிறது.